சிறுமூளை ஓர் எந்திரமா?
1967ஆம் ஆண்டு நூல் ஒன்றின் மறுமதிப்பீடு

சிறுமூளையின் வேலை என்ன என்று எந்த மாணவரைக் கேட்டாலும் உடனே விடை வரும்: "உடலின் சமநிலையைக் காப்பது." தேர்வில் இந்த விடைக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் மருத்துவமனையில் இந்த விடை போதாமல் போவதுண்டு.

எட்டு வயதுக் குழந்தை ஒன்றின் சிறுமூளையில் கட்டி வளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவை செய்து கட்டியை அகற்றிவிடுகிறார்கள். மயக்கம் தெளிந்ததும் குழந்தை அம்மாவைக் கூப்பிடுகிறது, தண்ணீர் கேட்கிறது. ஓரிரு நாள் சென்றபின் பேச்சு நின்றுவிடுகிறது. வாய் அசைகிறது, நாக்கு செயலிழக்கவில்லை. ஆயினும் ஒரு சொல் வரவில்லை. காரணமின்றி அழுகிறது, சிடுசிடுக்கிறது. இந்நிலை சில நாள்கள் நீடிக்கலாம், மாதக்கணக்கிலும் நீடிக்கலாம். நடுக்கோட்டை ஒட்டி வளரும் சிறுமூளைக் கட்டிகளை அகற்றிய பிறகு பல குழந்தைகளிடம் மருத்துவர்கள் கண்டு பதிவு செய்துள்ள நிலை இது. 'சமநிலை' என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றவர் இக்குழந்தையைப் பார்த்தால் என்ன நினைப்பார்? "பயந்துவிட்டது; பிடிவாதம் பிடிக்கிறது" என்றுதானே நினைப்பார்?

ஒரு வரி விடை எவ்வளவு தூரம் நம் கண்ணை மறைக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இந்த வரி எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு குறை என்று ஆராய வேண்டுமானால் ஒரு நூலை எடுத்துக்கொள்வது நல்லது. சிறுமூளையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்த நூல்களில் தலைசிறந்தது எனச் சொல்லத்தக்க நூல் அது. 'நரம்பணு எந்திரமாகச் சிறுமூளை' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1967ஆம் ஆண்டு ஸ்பிரிங்கர் பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்றும் மூளை பற்றிய பாடநூல்களில் காணப்படும் சிறுமூளைப் படங்களில் பெரும்பாலானவை அந்நூல் வகுத்த வழியிலேயே வரையப்படுகின்றன. எனவே அதன் நிறையும் குறையும் நம் பாடங்களின் நிறையும் குறையுமே ஆகும்.

மூவர் செய்த வேலை

நூலின் ஆசிரியர்கள் மூவர். ஜான் எக்கிள்ஸ் ஆஸ்திரேலியர். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவதும் தடுப்பதும் எவ்வாறு என்பதை ஆராய்ந்து 1963இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மசாவோ இட்டோ ஜப்பானியர். கான்பெராவில் எக்கிள்ஸின் ஆய்வுக்கூடத்தில் பயின்று டோக்கியோ திரும்பியவர். யானோஷ் சென்டாகொத்தாய் ஹங்கேரி நாட்டு உடற்கூற்றியல் அறிஞர். ஒருவர் மின்முனையால் துடிப்புகளை அளந்தார். ஒருவர் எந்தச் செல் தூண்டும், எது தடுக்கும் என்று கண்டார். ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் இழைகளைப் பின்தொடர்ந்து வரைபடம் தீட்டினார். இம்மூன்றும் ஒரே நூலில் கூடியதே அதன் பெருமை.

இவர்களுக்கு முன்பு சிறுமூளையின் செல்களை உலகம் அறியாமல் இல்லை. பர்கின்ஜி 1837இல் பிராகாவில் கூடிய அறிஞர் அவையில் சிறுமூளையின் பெரிய செல்களை விளக்கினார். அவை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஸ்பெயின் நாட்டு கஹால் 1888இல் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்து, நரம்பணுக்கள் தனித்தனிச் செல்களே என்ற கருத்துக்கு அடிகோலினார். ஆனால் கஹாலின் படங்களில் செல்களின் உருவம் இருந்தது. அவை ஒன்றையொன்று தூண்டுகின்றனவா, தடுக்கின்றனவா என்ற குறிப்பு இல்லை. தெருக்களைக் காட்டிவிட்டு, வண்டிகள் எத்திசையில் ஓடும் என்று சொல்லாத நகர வரைபடம் போன்றது அது. அந்தக் குறிப்பை இட்டவர்கள் இம்மூவரே.

நூல் காட்டும் கட்டமைப்பு

நூலை மதிப்பிடுவதற்கு முன் அது விளக்கும் அமைப்பை நாமும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தலையின் பின்புறம், பெருமூளையின் அடியில், மூளைத்தண்டுக்குப் பின்னால் சிறுமூளை அமைந்திருக்கிறது. வளர்ந்த மனிதரில் அதன் எடை ஏறத்தாழ 150 கிராம்; மூளையின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. நடுவில் புழுவைப் போன்ற ஒடுங்கிய பகுதி. அதற்குப் 'புழுவுரு' என்று பெயர். அதன் இருபுறமும் இரு அரைக்கோளங்கள். மேற்பரப்பு முழுவதும் நெருக்கமான மெல்லிய மடிப்புகள். மூளைத்தண்டுடன் சிறுமூளையைப் பிணைப்பவை ஒவ்வொரு பக்கமும் மூன்று காம்புகள்: மேற்காம்பு, நடுக்காம்பு, கீழ்க்காம்பு. உள்ளே வருவதும் வெளியே போவதும் இக்காம்புகள் வழியாகவே.

குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே சாம்பல் நிறப் புறணி, உள்ளே வெண்ணிற இழைகள், அவற்றின் நடுவே ஒவ்வொரு பக்கமும் நான்கு நரம்பணுத் திரள்கள். இந்நான்கில் பெரியது பல்லுருத் திரள். அதன் ஓரம் பற்களைப் போல் மடிந்திருப்பதால் இப்பெயர்.

புறணியில் மூன்று அடுக்குகள் உண்டு. நடு அடுக்கில் பர்கின்ஜி செல்கள் ஒற்றை வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் கிளைகளை மேல் அடுக்கில் பனைவிசிறி போல் தட்டையாக விரித்திருக்கிறது. கீழ் அடுக்கில் குருணைச் செல்கள். அரிசிக் குருணை போல் நுண்ணியவை, எண்ணிக்கையில் அளவற்றவை. குருணைச் செல் ஒவ்வொன்றும் ஓர் இழையை மேல் அடுக்குக்கு அனுப்புகிறது. அங்கே அது T வடிவில் இரண்டாகப் பிரிந்து, விசிறிகளை ஊடுருவிச் செல்கிறது. இவை ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால் இணையிழைகள் எனப்படும். வரிசையாக நிறுத்திய பனைவிசிறிகளின் ஊடே செங்குத்தாகத் தந்திக் கம்பிகளை இழுத்ததாகக் கற்பனை செய்துகொண்டால் இந்த அமைப்பு விளங்கும். ஒரு பர்கின்ஜி செல்லின் விசிறியில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணையிழைச் சந்திப்புகள் உள்ளன.

இப்புறணிக்குள் செய்தி முக்கியமாக இரு வழிகளில் நுழைகிறது. முதல் வழி பாசியிழைகள். இவை தண்டுவடம், உட்செவியின் சமநிலை உறுப்போடு தொடர்புள்ள பகுதிகள், பான்ஸ் ஆகியவற்றிலிருந்து வந்து குருணைச் செல்களைத் தூண்டுகின்றன. இரண்டாம் வழி கொடியிழைகள். முகுளத்தில் ஆலிவ் காய் வடிவில் உள்ள ஒரு திரளிலிருந்து இவை கிளம்பி, மரத்தில் கொடி படர்வது போலப் பர்கின்ஜி செல்லின் கிளைகளைச் சுற்றிப் படர்கின்றன. பாசியிழை குருணைச் செல்களின் மூலம் பல்லாயிரம் செல்களுக்குத் தன் செய்தியைப் பரப்புகிறது. கொடியிழையோ ஒரு சில செல்களை மட்டும் பற்றுகிறது. வளர்ந்த உயிரில் ஒரு பர்கின்ஜி செல்லுக்கு ஒரே கொடியிழை என்பது நூல் கூறும் விதி. ஆனால் அந்த ஒன்றின் பிடி மிக வலியது. இணையிழைகளின் தூண்டலால் பர்கின்ஜி செல் நொடிக்குப் பல பத்து முறை துடிக்கிறது; கொடியிழையோ நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறைதான் அதை எழுப்புகிறது. அந்த ஒருமுறை எழும் துடிப்பு தனி வடிவம் கொண்டது.

புறணியிலிருந்து வெளியேறும் வழி ஒன்றே ஒன்று: பர்கின்ஜி செல்லின் இழை. அது நரம்பணுத் திரள்களுக்குச் செல்கிறது. அங்கிருந்தே செய்தி மூளையின் பிற பகுதிகளுக்குப் போகிறது.

நூலின் பெரும் வெற்றி

இங்குதான் நூலின் மிகச் சிறந்த பகுதி வருகிறது. பர்கின்ஜி செல் தன் இலக்கைத் தூண்டுவதில்லை, தடுக்கிறது. இட்டோவும் யோஷிதாவும் 1964இல் இதை வெளியிட்டபோது அது எதிர்பாராத செய்தியாக இருந்தது. இவ்வளவு பெரிய உறுப்பின் புறணி இறுதியில் சொல்லும் ஒரே சொல் "நில்" என்பதா? மேலும் ஆராய்ந்ததில் கூடைச் செல், விண்மீன் செல், கால்ஜி செல் ஆகிய மூன்றும் தடுப்பவையே என்று தெரிந்தது. புறணிக்குள் தூண்டும் செல் குருணைச் செல் ஒன்றே என்று நூல் முடிவு கட்டியது.

தடுப்பதால் மட்டுமே ஒரு வேலை எப்படி நடக்கும் என்று வாசகர் கேட்கலாம். ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு தண்ணீரை உண்டாக்குவதில்லை. தண்ணீர் எப்போதும் முட்டிக்கொண்டே இருக்கிறது. பலகையை எந்த நேரத்தில், எவ்வளவு இறக்குகிறோம், ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பது அமைகிறது. நரம்பணுத் திரள்களின் செல்களும் இயல்பாகவே துடித்துக்கொண்டிருப்பவை. பர்கின்ஜி செல்கள் மதகுப் பலகைகளாக நின்று அந்தத் துடிப்புக்கு வடிவம் தருகின்றன.

இதிலிருந்து ஆசிரியர்கள் இன்னொரு முடிவுக்கும் வந்தனர். தூண்டல் தொடர்ந்து சுற்றிச் சுற்றி வருவதற்கு இப்புறணியில் வழியில்லை. வந்த செய்தியைத் தடைகள் விரைவில் துடைத்துவிடுகின்றன. அடுத்த கணக்குக்குப் பலகை மீண்டும் சுத்தமாகிவிடுகிறது. கணிப்பொறிகள் பேசப்படத் தொடங்கிய காலத்தில் 'எந்திரம்' என்ற சொல் அவர்களுக்குத் தோன்றியது இயல்பே. ஒரே வடிவத் துண்டு திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட அமைப்பு. வருவது இன்னது, போவது இன்னது என்ற தெளிவு. மூளையின் வேறு எந்தப் பகுதியைப் பற்றியும் அன்று இவ்வளவு முழுமையாகச் சொல்ல முடியவில்லை.

இவ்வளவும் பாராட்டு. இனி விமர்சனத்துக்கு வருவோம்.

முதற் குறை: கற்காத எந்திரம்

சிறுமூளையை அந்தந்தக் காலத்துக் கருவியோடு ஒப்பிடும் வழக்கம் புதிதன்று. வோல்டா 1800இல் மின்கல அடுக்கை வெளியிட்டார். 1809இல் இத்தாலியர் ரொலாண்டோ, சிறுமூளையின் மடிப்புகள் தகடுகளின் அடுக்குப் போலிருப்பதைக் கண்டு, தசைகளை இயக்கும் மின்சாரத்தை உண்டாக்கும் உறுப்பு அது என்று கருதினார். அவர் பார்த்த மடிப்புகள் உண்மை. அவற்றிலிருந்து வேலையை ஊகித்தது தவறாயிற்று. வடிவத்தைக் கொண்டு தொழிலை முடிவு செய்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

1967ஆம் ஆண்டு நூலின் ஆசிரியர்கள் ரொலாண்டோவைவிடப் பன்மடங்கு எச்சரிக்கையானவர்கள். ஆயினும் 'எந்திரம்' என்ற சொல் ஒன்றை மறைத்தது. எந்திரத்தின் கம்பிகள் ஒருமுறை பொருத்தப்பட்டால் அப்படியே இருக்கும். சிறுமூளையோ பழகப் பழக மாறும் உறுப்பு.

இதை நீங்களே சோதிக்கலாம். இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் விரைவாக ஆட்டிக்கொண்டே படியுங்கள், எழுத்து தெரியும். இப்போது தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள்; எழுத்து கலங்கிவிடும். முதல் சோதனையில் உட்செவி தலையின் அசைவை அறிந்து, கண்ணை எதிர்த்திசையில் அதே அளவு திருப்புகிறது. அதே அளவு என்பதை யார் சரிபார்க்கிறார்கள்? புதிதாகக் கண்ணாடி அணிந்தவருக்குச் சில நாள் உலகம் மிதப்பது போலத் தோன்றி, பிறகு சரியாகிவிடுகிறதல்லவா? கண்ணாடியின் உருப்பெருக்கத்துக்கு ஏற்பப் பழைய அளவைத் திருத்தி எழுதுவதில் சிறுமூளையின் ஒரு சிறு மடலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மடல் கெட்டால் இத்திருத்தம் நடைபெறுவதில்லை.

நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1969இல், டேவிட் மார் என்ற 24 வயது ஆங்கிலேயர் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார். நூல் காட்டிய அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் கேட்டார்: ஒரு செல்லுக்கு லட்சம் மெல்லிய இழைகளும் ஒரே ஒரு வலிய இழையும் ஏன்? வலிய இழை ஆசிரியர். மெல்லிய இழைகள் பாடம். ஆசிரியர் குரல் எழும் நேரத்தில் எந்த இணையிழைகள் துடிக்கின்றனவோ அவற்றின் சந்திப்பு மாறுகிறது என்றார். சந்திப்பு வலுக்கும் என்று மார் நினைத்தார். வலுக்குறையும் என்று 1971இல் அமெரிக்கர் ஜேம்ஸ் ஆல்பஸ் திருத்தினார். 1982இல் முயல்களில் அந்த வலுக்குறைவை அளந்து காட்டியவர் யார் தெரியுமா? 1967ஆம் ஆண்டு நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான அதே இட்டோதான். தம் நூலில் விடுபட்டதைத் தாமே தேடிச் சேர்த்த நேர்மை இது.

இந்தக் கதையும் இத்துடன் முடிந்துவிடவில்லை. அந்த வலுக்குறைவு ஏற்படாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளும் சில இயக்கங்களை நன்றாகக் கற்றன என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. கற்றலுக்குச் சிறுமூளையில் ஒரே இடம், ஒரே வழி என்று இன்று ஆய்வாளர் பலர் கருதுவதில்லை. எழுதி அழிக்கும் பலகைகள் பல இருக்கின்றன.

இரண்டாம் குறை: விதிகளும் விலக்குகளும்

நூலின் சான்றுகள் பெரும்பாலும் மயக்கமருந்து செலுத்தப்பட்ட பூனைகளிடமிருந்து பெறப்பட்டவை. இழை எங்கே செல்கிறது, தூண்டுமா தடுக்குமா என்று அறிய அது போதும். விலங்கு ஒரு வேலையைச் செய்யும்போது அதே செல் என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது. விழித்திருந்து கையை அசைக்கும் குரங்குகளின் பர்கின்ஜி செல்களை அமெரிக்கர் தாக் பதிவு செய்து வெளியிட்டது 1968இல், அதாவது நூல் வெளிவந்த மறு ஆண்டில்.

விதிகளிலும் விலக்குகள் தோன்றின. குருணைச் செல் தவிர வேறு தூண்டும் செல் இல்லை என்றது நூல். ஒற்றைத் தூரிகை போன்ற கிளையுடைய இன்னொரு வகைத் தூண்டும் செல் சிறுமூளையின் சில பகுதிகளில் இருப்பது 1990களில் உறுதியாயிற்று. ஒரு பர்கின்ஜி செல்லுக்கு ஒரே கொடியிழை என்றது நூல். மனிதரின் பர்கின்ஜி செல்கள் பெரும்பாலும் அடியிலேயே பல கிளைகளாகப் பிரிபவை என்றும், அத்தகைய வடிவமுடைய எலிச் செல்கள் சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடியிழைகள் படர்கின்றன என்றும் 2023இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று.

இதற்காக நூலாசிரியர்களைக் குறை கூறுவது முறையன்று. தம் கருவிகளால் கண்டதை அவர்கள் சரியாகவே சொன்னார்கள். குறை, அவர்களைப் பின்பற்றி எழுதியவர்களுடையது. பூனையில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்றும், படத்தில் இல்லாத செல் சிறுமூளையிலும் இல்லை என்றும் பாடநூல்கள் பிறகு விதியாக்கிவிட்டன.

மூன்றாம் குறை: கம்பிகள் எங்கே போகின்றன?

மிகப் பெரிய குறை இதுதான். எந்திரத்தின் உள்ளமைப்பை நுணுக்கமாக ஆராய்ந்த நூல், அதை உடலியக்கத்துக்கான எந்திரமாகவே எடுத்துக்கொண்டது. அதற்குப் பின்னணி உண்டு. 1824இல் பிரெஞ்சுக்காரர் ஃப்ளூரன்ஸ், புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக அகற்றி, அவற்றின் வலிமையும் புலன்களும் கெடாமல் அசைவுகளின் ஒழுங்கு மட்டும் கெடுவதைக் கண்டார். முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்து 1917இல் எழுதிய பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், தள்ளாட்டம், குறி தவறும் கை, தசைத் தளர்ச்சி ஆகியவற்றைத் துல்லியமாக விவரித்தார். இவர்கள் கண்டவை அனைத்தும் இன்றும் உண்மையே.

ஆனால் ஹோம்ஸின் குறிப்புகளிலேயே ஒரு தடயம் இருக்கிறது. அடிபட்ட ஒருவர், தம் நல்ல கை தானாகவே வேலை செய்வதாகவும், பழுதான கையின் ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்ய வேண்டியிருப்பதாகவும் சொன்னதை அவர் பதிவு செய்துள்ளார். அசைவு இழக்கப்படவில்லை, அசைவின் பழக்கம் இழக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் சிறுமூளை பழக்கப்படுத்தும் வேலை கைகால்களோடு நின்றுவிடுமா?

இதற்கு விடை தேட வேண்டிய இடம் நரம்புப் பாதைகள். அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்ப்போம். பெருமூளைப் புறணியிலிருந்து இழைகள் இறங்கிப் பான்ஸ் பகுதியில் முடிகின்றன. அங்கிருந்து புதிய இழைகள் நடுக்கோட்டைக் கடந்து, நடுக்காம்பு வழியாக எதிர்ப்பக்கச் சிறுமூளைக்குள் நுழைகின்றன. புறணியில் வேலை முடிந்ததும் செய்தி பல்லுருத் திரளுக்கு வந்து, மேற்காம்பு வழியே வெளியேறி, நடுமூளையில் மீண்டும் நடுக்கோட்டைக் கடந்து, தாலமஸ் வழியாகப் புறப்பட்ட பெருமூளைப் பக்கத்துக்கே திரும்புகிறது. இடப் பெருமூளை வல உடலை ஆள்கிறது. இடப் பெருமூளையோடு உறவாடுவது வலச் சிறுமூளை. ஆகவே வலச் சிறுமூளை கெட்டால் வல உடலே தடுமாறும். இரண்டு குறுக்குப் பாதைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் இந்த விளைவு.

இந்தச் சுற்றுப் பாதை பெருமூளையில் இயக்கப் பகுதிக்கு மட்டுமே திரும்புகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1986இல் ஹென்ரியெட்டா லைனரும் உடன் ஆய்ந்த இருவரும் இதைக் கேள்விக்கு உள்ளாக்கினர். மனிதரில் மிகுதியாக வளர்ந்துள்ள பல்லுருத் திரளின் பகுதி, சிந்தனையோடு தொடர்புடைய முன்பகுதிக்கும் செய்தி அனுப்பக்கூடும் என்றனர். நரம்பிழை வழியே செல்லிலிருந்து செல்லுக்குத் தாவும் வைரசுகளைக் கொண்டு குரங்குகளில் 1994இல் மிடில்டனும் ஸ்ட்ரிக்கும் அந்தப் பாதையை நேரடியாகவே காட்டினர். இதற்கு முன்பே, 1988இல், ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்டு அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லைச் சொல்லும் வேலையில் சிறுமூளையின் வலப்பக்கம் செயல்படுவது மூளைப் படங்களில் தெரிந்தது. அதே சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது ஏற்படும் செயலைக் கழித்த பின்பும் அது எஞ்சி நின்றது. 'மாவு' என்றதும் 'மாவு' என்று சொல்வதற்கும் 'பிசை' என்று சொல்வதற்கும் வாயசைவில் பெரிய வேறுபாடில்லை. தேடி எடுப்பதில்தான் வேறுபாடு.

1998இல் ஷ்மாமனும் ஷெர்மனும் சிறுமூளை மட்டும் பழுதடைந்த நோயாளிகளை ஆராய்ந்து, திட்டமிடல், சொல் தேடல், இடஅறிவு, உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றிலும் குறைகள் இருப்பதைத் தொகுத்துக் காட்டினர். தொடக்கத்தில் கண்ட, பேச்சிழந்த குழந்தையை இப்போது நினைத்துப் பாருங்கள். அக்குழந்தையின் மௌனம் பிடிவாதம் அன்று; இந்தச் சுற்றுப் பாதையில், சிறப்பாக வெளியேறும் வழியில், ஏற்பட்ட பழுது என்றே மருத்துவர் பலர் இன்று கருதுகின்றனர்.

எண்ணிக்கையும் இதையே சுட்டுகிறது. மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் இருப்பதாக 2009இல் பிரேசில் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். பெருமூளைப் புறணியில் இருப்பவை சுமார் 1,600 கோடியே. மனிதச் சிறுமூளையின் மடிப்புகளை விரித்தால் அதன் பரப்பு பெருமூளைப் புறணியின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வரும் என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. நிற்கவும் நடக்கவும் மட்டும் இவ்வளவும் தேவையா என்ற ஐயம் எழுவது நியாயமே.

மறுபக்கத்து மிகை

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு மிகையைத் திருத்தப் போய் மற்றொரு மிகையில் விழக்கூடாது. சிறுமூளையே அறிவின் இருப்பிடம் என்றும், சிறுமூளைப் பயிற்சியால் நினைவாற்றலைப் பெருக்கலாம் என்றும் பேசுவோர் உண்டு. நரம்பணு எண்ணிக்கை மிகுதி என்பதால் வேலையும் உயர்ந்தது என்று ஆகிவிடாது. அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி நுண்ணிய குருணைச் செல்களே.

பிறவியிலேயே சிறுமூளை அமையாத 24 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிச் சீன மருத்துவர்கள் 2014இல் எழுதினர். அவர் நடக்கத் தொடங்கியது சுமார் ஏழு வயதில். பேச்சு தெளிவடைந்தது ஆறு வயதளவில். நடையில் தடுமாற்றம் இருந்தது, பேச்சில் குழறல் இருந்தது. ஆயினும் அவர் வாழ்ந்தார், பேசினார், நடந்தார். சிறுமூளை இல்லாமல் செயல்கள் அழிந்துவிடவில்லை. தாமதமாகவும் கரடுமுரடாகவும் அமைந்தன. எண்ணமாயினும் இயக்கமாயினும், அதைத் தொடங்குவது பெரும்பாலும் வேறு பகுதிகள்; அதைப் பிசிறில்லாமல், நேரம் தவறாமல், எண்ணிப் பார்க்காமலே நடக்கும்படி திருத்திக்கொடுப்பது சிறுமூளை. இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு இவ்வளவு சொல்லலாம்.

முடிவாக

அப்படியானால் 1967ஆம் ஆண்டு நூலை என்ன செய்வது? மூளையியலை ஆழ்ந்து பயில விரும்பும் மாணவர் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதன் வரைபடம் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நிலைத்து நிற்கிறது. மாரும் ஆல்பஸும் இட்டோவும் பின்னர் கண்டவை எல்லாம் அந்த வரைபடத்தின் மேல் எழுந்தவையே. நூலைத் திருத்தியவர்கள் அந்த நூலைக் கொண்டே அதைத் திருத்தினார்கள் என்பது ஒரு நூலுக்குப் பெருமையே.

ஐயுற வேண்டியது அதன் தலைப்பை. ஓர் அமைப்பின் இணைப்புகளை முழுவதும் அறிந்துவிட்டால் அதன் பயனையும் அறிந்துவிட்டோம் என்ற எண்ணத்தை அத்தலைப்பு தூண்டுகிறது. மூன்று கேள்விகளைக் கேட்டாலொழிய இணைப்புப் படம் முழுமை அடையாது: பழகும்போது இந்த இணைப்புகள் மாறுமா? எந்த உயிரில், எந்த நிலையில் இவற்றைக் கண்டோம்? உள்ளே வரும் கம்பி எங்கிருந்து வருகிறது, வெளியேறும் கம்பி எங்கே போகிறது?

பாடத்தில் உள்ள ஒரு வரியையும் மாற்றிக்கொள்ளலாம். 'சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது' என்பதற்குப் பதிலாக, 'சிறுமூளை அசைவையும் பேச்சையும் சிந்தனையின் சில பகுதிகளையும் பழக்கத்தால் திருத்தி ஒழுங்குபடுத்துகிறது. சமநிலை அவற்றுள் ஒன்று' என்று எழுதலாம். வரி சற்று நீளம்தான். ஆனால் தெருவில் தள்ளாடி வருபவரைக் கண்டதும் 'குடித்திருக்கிறார்' என்று முடிவு கட்டுவதற்கு முன்னும், அறுவைக்குப் பின் வாய் திறக்காத குழந்தையைப் 'பிடிவாதக்காரி' என்று கடிந்துகொள்வதற்கு முன்னும், அந்த நீண்ட வரி நம்மை ஒரு கணம் நிறுத்தி வைக்கும்.